பயன்படாதிருக்க வேண்டிய பொருள்



கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்குத் துப்பாக்கியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்ற வினா எழக்கூடும். அமெரிக்க நாட்டிற்குச் சென்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தற்காப்புக்காக இல்லத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை 2008 ஆம் ஆண்டிலும், பொது இடங்களில் அதனை உடன் கொண்டு செல்வதை 2022 ஆம் ஆண்டிலும் குடிமக்களின் உரிமை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் உரிமை தந்துவிட்டது. அறம் என்ன கூறுகிறது என்பதே நம் வினா.

ஒன்றை மறுக்குமுன் அதனைச் செவ்வனே அறிதல் வேண்டும் என்பது ஆசிரியத் தொழில் கற்பித்த பாடம். சட்டைப்பையில் அடங்கும் சிறு ரிவால்வர்களை அந்நாட்டார் இரு நோக்கங்களுக்காக வாங்குகின்றனர். ஒன்று, அரும்பொருளாகச் சேகரித்தல்; மற்றொன்று, அன்றாடம் உடன் கொண்டு செல்லுதல். கோல்ட் நிறுவனம் 1927 இல் வெளியிட்ட 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' ஆறு தோட்டாக்களை ஏற்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950 இல் வெளியிட்ட 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' ஐந்தே தோட்டாக்களை ஏற்கும். ஆயினும் அதன் உருளை மெல்லியது. மறைத்து வைக்க எளியது. எஃகாலான அதன் எடை ஏறத்தாழ 550 கிராம். அலுமினியக் கலவையாலான பிற்கால வகைகள் சில 420 கிராம் அளவினவே. எடை குறையக் குறையச் சுமப்பது எளிதாகிறது. சுடும்போது கையை உதைக்கும் வேகமோ மிகுகிறது. வேறு சிலவற்றில், பையிலிருந்து எடுக்கையில் துணியில் சிக்காதிருக்கும்பொருட்டுப் பின்புறத்துக் குதிரையை உள்ளேயே மறைத்து வைத்துள்ளனர்.

சேகரிப்போர் காண்பன வேறு. பக்கத் தகட்டில் திருகாணிகள் எத்தனை, வரிசை எண் எது, விற்கும்போது இருந்த பெட்டி உள்ளதா என ஆராய்வர். ஒரு முறையேனும் சுடப் பயன்படாத துப்பாக்கிக்கே அவர்களிடம் உயர்ந்த மதிப்பு. உடன் கொண்டு செல்வோரும், அதனை எடுக்க நேராமலே நாள்கள் கழிய வேண்டும் என்றுதான் விழைகின்றனர். ஆக, இரு சாராரும் விரும்புவது பயன்படாத ஆயுதத்தையே. பயன்படாத ஆயுதத்தால் எவ்வுயிர்க்கு என்ன தீங்கு? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

முதலில் சேகரிப்பை எண்ணுவோம். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதமும் ஒன்று. பயனின்றித் தீவினைக்கு இடமளிக்கும் செயல்களை அது விலக்குகிறது. வாள், கோடரி, நஞ்சு, நெருப்பு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளிக்கும் ஹிம்சாதானம் அவற்றுள் அடங்கும். 'நான் எவர்க்கும் அளிக்கவில்லையே, பேழையில் வைத்துப் பூட்டியுள்ளேனே' என்று சேகரிப்பவர் கூறலாம். ஆனால் உடைமை உடையவனோடு மாய்வதில்லை. 1950 இல் செய்த ரிவால்வர் இன்றும் சுடும். அவருக்குப்பின் அது யார் கையை அடையும் என்பதை அவர் அறியார். அழகுக்காக மட்டுமே வைத்திருப்பவர், அது சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்துவிடலாம். அவ்வாறு செய்தால் மதிப்புக் குறையும் என்று அஞ்சி அதற்கு உடன்படமாட்டார். அவர் பேணுவது வெறும் அழகை அன்று, கொல்லும் ஆற்றல் குன்றாத அழகை என்பது இதனால் விளங்கும். இது பரிக்கிரகத்தோடு ஹிம்சையும் சேர்ந்த பற்று.

உடன் கொண்டு செல்லுதல் இதனினும் கடினமான வினா. ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நால்வகையாகப் பகுப்பர். திட்டமிட்டுச் செய்யும் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்குங்கால் நேரும் விரோதி ஹிம்சையை முற்றும் விலக்குதல் அவர்க்கு இயலாது என்பதை நம் சமயம் உணர்ந்தே உள்ளது. சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்புவித்த சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர் அல்லரோ? எனவே தற்காப்பு அறமன்று என்று நாம் கூறுதற்கில்லை.

ஆயினும் படைத்தலைவரின் வாள் போர்க்களத்தில் எதிர்நின்ற பகைவனுக்கானது. அன்றாடம் சுமக்கும் துப்பாக்கிக்குப் பகைவன் இன்னும் தோன்றவில்லை. எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் பகைவனாக எண்ணிப் பார்க்க அது மனத்தைப் பழக்குகிறது. பாவ ஹிம்சை விசையை அழுத்தும்போது தோன்றுவதன்று, இவ்வெண்ணத்திலேயே முளைவிடுகிறது. அடுத்தது பிரமாதம் என்னும் சோர்வு. குழந்தை ஒன்று துப்பாக்கியால் ஊறுபட்டதைக் கேள்வியுற்ற டேனியல் வெஸ்ஸன், கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றிச் சுடாத வகையை அமைத்தார் என்பர். அது 1887 இல் விற்பனைக்கு வந்தது. செய்தவரே அஞ்சிய பொருள் அது. 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். மனம் இருண்ட ஒரு நாழிகையில், அயலானுக்கென வைத்த கருவி உடையவரையே பகைவராக்கிவிடுகிறது.

'தனித்து வாழும் பெண் என்ன செய்வாள்?' என்று தாய்மார்கள் வினவுவர். நேரிய வினா. நம் நாட்டிலும் 2014 இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை, பெண்களை முன்னிட்டு 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' என்னும் ரிவால்வரை வெளியிட்டது. 2012 இல் தில்லியில் ஓடும் பேருந்தில் கொடுமைக்கு ஆளாகி உயிர்நீத்த பெண்ணுக்கு மக்கள் வழங்கிய பெயரை ஒட்டியது அப்பெயர். அப்போது அதன் விலையோ ஓரிலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேலாக இருந்தது! இரவில் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு அது எட்டுமா? ஊரும் அரசும் ஆற்ற வேண்டிய காவற்கடமையை அவள் கைப்பையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது.

ஆதலின் என் கருத்து இது. சுடும் ஆற்றலுள்ள துப்பாக்கியைச் சேகரித்தல் சிராவகர்க்குத் தகாது. இன்னார் என்று சுட்டத்தக்க பகை உயிர்க்கு நேர்ந்து, வேறு காவல் இல்லாதபோது, ஒருவர் ஆயுதம் தாங்கினால் அவரைப் பழிக்க நான் துணியேன். அச்சம் நீங்கிய அன்றே அதனை அகற்றிவிட வேண்டும். 'அன்றாடம்' என்னும் சொல்லையே நான் ஏற்கவில்லை. விரோதி ஹிம்சை இடுக்கண் வந்த நாளுக்குரிய விலக்கு. அதனை நாள்தோறும் அணியும் ஆடையாக்கிக்கொள்ளுதல் விரதத்தையே மறத்தலாகும்.

கடல் கடந்து வாழும் மக்கட்கு மடல் எழுதும் பெற்றோர் இதனைப் பொறுமையுடன் எடுத்துரைப்பார்களாக. அவர்தம் அச்சத்தையும் செவிசாய்த்துக் கேட்பார்களாக.