ருசிப்பது குற்றமா?

அண்ணாசாலை புகாரியில் பிரியாணி தின்பது ஆடம்பரமாம், தோழர்கள் சொல்றாங்க. ஊரே பசித்திருக்க ஒருத்தன் ருசிக்கலாமா என்ற கேள்வி நியாயந்தான். ஆனா யாரைப் பாத்துக் கேக்குறாங்க? பண்ணையார் வீட்டுப் பந்தி முடிந்தபின் மிச்சத்தை முந்தானையில் வாங்கிவந்து எங்களுக்குப் போட்டவள் எங்கம்மா. பிடித்ததைக் கேட்டு, உட்கார்ந்து, சூடாகத் தின்பது எங்களுக்கு இப்பத்தான் வாய்த்திருக்கு.

ஓட்டலுக்குள் நுழையச் சாதி தடையில்லை என்று 1950லேயே அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அப்புறமும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை போகவேண்டியிருந்தது.

இப்போ சர்வர் காசைத்தான் கேட்கிறார், சாதியை இல்லை. இது சமத்துவமா? நாம யாருன்னு தெரியாத வரைக்குந்தானே இந்த மரியாதை? அந்த உறுத்தலோடுதான் தின்கிறேன். ஆனாலும் ருசிக்குது. அடுத்த சம்பளத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். லெக் பீஸ் அவளுக்கு.