அடை நாட்கள்

அடைக்கு உட்கார்ந்த கோழியால் வீட்டுக்கு வரும்படி கிடையாது. 21 நாள் முட்டைமேல் இருக்கும். பொரித்தபின் ஆறேழு வாரம் குஞ்சுகளோடு மேயும். அப்புறம் ஒருநாள் அவற்றைக் கொத்தித் துரத்திவிட்டு, சேவல் பக்கம் போகும். ஆண்டுக்கு 60, 80 முட்டை வைத்தாலே நம் ஊர்ப் பெட்டைக்குப் பெரிய காரியம். நாமக்கல் பண்ணைகளில் நிற்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் 300ஐத் தாண்டுகின்றன. அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததால் வந்த முட்டைகள் அவை. சத்துணவுத் தட்டில் பிள்ளைகளுக்கு விழும் முட்டையும் அதுதான், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கோழிக்குத் தன் குஞ்சைப் பொரிக்கத் தெரியாது. அதன் வம்சம் மின்சாரத்தை நம்பி நிற்கிறது.

*

கார்த்திகை மழை விட்டதும் சாம்பல் பெட்டை கூடையை விட்டு இறங்க மறுத்தது. சிறுவிடை. ஒன்றேகால் கிலோ தேறினால் அதிகம். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்றது. எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "ஒத்தப்படையா வெய்யி தம்பி. அடியில கரித்துண்டும் ஆணியும் போடு. இடி இடிச்சா கூமுட்டையாப் பூடும்" என்றார். போட்டேன். இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆயா வீட்டில் கோழி இல்லாத வருஷம் எனக்கு நினைவில்லை. அந்தத் தகுதி போதும்.

அடை வேண்டாதவர்கள் கோழியின் மூக்கில் இறகைச் சொருகிவிடுவார்கள், அல்லது தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். சில நாளில் அடை தெளிந்து மறுபடி முட்டைக்கு வரும். முட்டைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது சரிதான்.

*

சாம்பல் பெட்டைக்கு வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்துவிட்டது. வெறும் தோல் சூடாக முட்டையைத் தொட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நாள் முழுக்க அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாக நொய் பொறுக்கி, தண்ணீர் குடித்து, நாறுகிற பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால், படுக்கப் போகும்முன் கூடைக்கு எதிரே சற்று நேரம் குந்துவான். "எங்க லைன்ல ஒரு பீஸுக்கு இத்தனை செகண்டுன்னு போர்டுல ஓடும்ணா" என்றான் ஒருநாள். வேறெதுவும் சொல்லவில்லை. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனிலிருந்து அரக்கோணம் வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. கோழி கண்ணைத் திறந்தபடிதான் இருந்தது, ஆனால் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் தியானம் என்று உட்காரும்போது எனக்கு வாய்க்காத கண் அது.

*

ஊருக்குப் பக்கத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்க்குப்பம் என்ற பெயரைச் சுருக்கித்தான் அங்கே உருவான நெல்லுக்கெல்லாம் டி.கே.எம். என்று பெயர். டி.கே.எம். 6, பிலிப்பைன்ஸ் வரை போய் ஐ.ஆர். 20க்குத் தாய்தந்தையரில் ஒன்றானது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக அதை எடுத்தார்கள். நெல்லுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, பெற்றோர் யார் என்று ஏடும் உண்டு. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்துக் காளாஸ்திக் கோழிக்கும் கால்நடை இனங்களைப் பதியும் கர்னால் தேசியப் பணியகத்தின் பதிவு உண்டு. என் தெருக் கோழிகளுக்கு எந்த ஏடும் இல்லை. சாம்பல், கருப்பு, செவலை, கழுத்தறுத்தான் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தவை. அடைக்கு உட்கார்ந்த பெட்டையின் மகளும் அடைக்கு உட்கார்கிறாளா என்பது ஒன்றுதான் அவற்றின் பதிவேடு.

விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. சுமார் ஐந்தாம் நூற்றாண்டுக் கல். சேவல் உருவமும் எழுத்தும் பொறித்தது. அடைகாத்த பெட்டைக்கு யாரும் கல் நட்டதாக நான் கேள்விப்படவில்லை.

*

பெட்டையின் கால் மஞ்சள். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் சிவப்புக் காட்டுக்கோழிதான் மூலம் என்று டார்வின் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள். 2008இல் மரபணுவைப் பார்த்தபோது, மஞ்சள் தோலுக்கான கூறு மட்டும் அதிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துப் பறவை. நம் மலைக்காடுகளில் இன்றும் கூவுகிறது. யாரோ எப்போதோ காட்டோரத்தில் வளர்த்த கோழிகளோடு அது கலந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பண்ணைக் கோழியின் மஞ்சள் காலும் அங்கிருந்து போனதுதான்.

*

பத்தொன்பதாம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம். கோழி தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. பதினொன்றில் ஒன்பது பொரித்தன. வெளியே வரும்முன் குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு நாளைக்குத் தீனி தேவையில்லை. முதல் குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகப் பசியில்லாமல் காத்திருக்க இயற்கை செய்த வழி. அதை வைத்துத்தான் குஞ்சுப் பொரிப்பகங்கள் ஒருநாள் குஞ்சை அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்புகின்றன.

கரையானுக்குப் பானை கவிழ்த்தேன். பழைய சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துணுக்கு, தண்ணீர் தெளித்து மாலையில் கவிழ்த்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிக் கொட்டியதும் அந்த ஒன்பதும் பாய்ந்த வேகத்துக்கு எந்தக் கடைத் தீவனமும் ஈடில்லை. இந்தப் பக்கம் எல்லாம் மனைக்கல் நட்டுவிட்டார்கள், ஆனால் கல்லுக்கு அடியில் கரையான் இன்னும் இருக்கிறது. வல்லூறும் இருக்கிறது. மேலே நிழல் தெரிந்தால் தாய் ஒரு குரல், தரையில் பூனை வந்தால் வேறு குரல். ஒரு குஞ்சு போனது.

*

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் தடுப்புமருந்துச் சொட்டு விட வேண்டும். எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. சிக்கல் புட்டியில் இருக்கிறது. ஒரு புட்டி 100 குஞ்சுக்கானது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். எட்டுக் குஞ்சுக்கு ஒரு புட்டி உடைக்க மனசு வருவதில்லை. தெருவில் எல்லார் வீட்டுக் கோழியும் ஒரே வாரத்தில் அடைக்கு உட்கார்ந்தால் ஒரே புட்டியில் முடியும்.

அதற்காக மாசியில் முட்டை சேர்த்து வைக்கச் சொல்லி வீடு வீடாகப் பேசி வருகிறேன். முந்திக்கொண்டு அடைக்கு வந்த கோழியை நாலைந்து நாள் வெறும் கூமுட்டைமேல் உட்கார வைத்துத் தாக்காட்டலாம் என்கிறார் ஆயா. மூன்று வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். நான்காவது வீட்டில் இன்குபேட்டர். அவருக்கு எந்த வாரமும் சம்மதம், கரண்ட் மட்டும் இருக்க வேண்டுமாம்.