பதவியைத் துறந்தும் பணியைத் துறவாதவர்

முதுமையிலும் பணியில் நீடிக்கும் மனிதர்கள் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவரை அங்கே நிறுத்தி வைத்திருப்பது கடமையுணர்வு. மற்றவரை நிறுத்தி வைத்திருப்பது பதவியின்மீது கொண்ட பற்று. வெளித்தோற்றத்தில் இருவரும் ஒன்றுபோலவே காட்சி தருகின்றனர். அவ்வாறெனில் கடமையையும் பற்றையும் எவ்வாறு பிரித்தறிவது? அமெரிக்க நீதிபதி வெஸ்லி பிரௌனின் நெடிய வாழ்க்கை இக்கேள்வியை ஆராய நமக்குத் துணைபுரிகிறது.

கான்சஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகரில் 1907 ஜூன் 22 அன்று அவர் பிறந்தார். 1933-இல் சட்டப் பட்டம் பெற்று, சொந்த ஊரிலேயே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகள் அரசு வழக்கறிஞராகவும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1944 முதல் கடற்படையிலும் பணிபுரிந்தார். 1962-இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவரைக் கான்சஸ் மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமித்தார். சாட்சிகளை நேரில் கேட்டு, வழக்கை முதன்முதலாக விசாரிக்கும் நீதிமன்றம் அது. அப்போது அவருக்கு வயது 54.

நம் நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதிலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதிலும் ஓய்வு பெறுகின்றனர். அமெரிக்கக் கூட்டரசு நீதிபதிகளுக்கோ வயது வரம்பு இல்லை. நன்னடத்தை உள்ளவரை அவர்கள் பதவியில் இருக்கலாம் என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம். ஆட்சியாளருக்கோ மக்களின் ஆரவாரத்திற்கோ அஞ்சாமல் நீதி வழங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் அச்சத்தை அகற்றும் இந்த ஏற்பாடே பற்றை வளர்க்கவும் கூடும். எவராலும் எளிதில் அகற்ற முடியாத ஆசனத்தில் அமர்ந்தவருக்கு அதனின்று எழ மனம் வருமா?

பிரௌன் 1979-இல் எழுந்தார். 72-ஆம் வயதில் 'மூத்த நீதிபதி' என்னும் நிலையை அவர் ஏற்றார். ஒருவர் இந்நிலையை ஏற்கும்போது அவர் வகித்த இடம் காலியாகிறது. அங்கே புதியவர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். மூத்த நீதிபதி விரும்பினால் தொடர்ந்து வழக்குகளை விசாரிக்கலாம். பிரௌன் முழுமையாக ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்திருந்தாலும், அவர் பெற்றுவந்த ஊதியம் நின்றிருக்காது. ஆயினும் அவர் மேலும் 32 ஆண்டுகள் விச்சிட்டா நகர நீதிமன்றத்திற்கு வந்துகொண்டிருந்தார். பதவியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார். பணியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

நான்காம் மாடியில் இருந்த தம் அறைக்கு நெடுங்காலம் படியேறியே சென்றவர் அவர். இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் வந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாயுடன் வழக்குகளைக் கேட்டார். நெடுநாள் நீடிக்கக்கூடிய விசாரணைகளைத் தவிர்த்தார். இந்த வயதில் தாம் பழுக்காத வாழையைக்கூட வாங்குவதில்லை என்று வேடிக்கையாகக் கூறுவார். அது பழுக்கும்வரை தாம் இருப்போம் என்பதற்கு என்ன உறுதி? மரணத்தை இவ்வளவு இயல்பாக ஏற்றவர், 2012 ஜனவரி 23 அன்று தம் 104-ஆம் வயதில் மறையும்வரை நீதிபதியாகவே இருந்தார். அமெரிக்கக் கூட்டரசு நீதிபதிகளின் வரலாற்றில் அத்தனை வயதுவரை அப்பொறுப்பில் இருந்தவர் வேறொருவர் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவது இயல்பு. பொதுத்தொண்டு செய்யும்வரை வாழ்வதற்கு ஒரு காரணம் உண்டு என்பது அவரது கருத்து. அப்படியானால் அவர் நீதிமன்றத்தைத் தம் வாழ்வுக்கு ஊன்றுகோலாகக் கொண்டார் அல்லவா? குற்றம் சாட்டப்பட்டு நிற்பவரின் விடுதலை, நீதிபதியின் நினைவாற்றலைப் பொறுத்தது. ஒரு முதியவரின் மனநிறைவுக்காக இன்னொருவரின் வாழ்வைப் பணயம் வைப்பது அறமாகுமா?

ஆகாது. இதை நாம் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பணி நம்மை வாழவைக்கிறது என்பதனால் மட்டும் அப்பணியில் நீடிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. பணியின் பயனைப் பெறுபவர் யாரோ, அவருக்குக் குறை நேராதிருக்கும்வரைதான் அவ்வுரிமை. அத்துடன், நம் தளர்ச்சியை நாமே முழுமையாக அறிய இயலாது. மங்கும் அறிவு தன் மங்கலை உணர்வதில்லை. ஆதலால் உண்மையைத் தயங்காது எடுத்துரைக்கும் நண்பர்களும், அதைக் கேட்டவுடன் விலகும் பணிவும் முதியவருக்கு இன்றியமையாதவை.

பற்றையும் கடமையையும் பிரித்தறியும் உரைகல் இங்கேதான் உள்ளது. பற்றுடையவர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. பட்டம், அறை, அதிகாரம் அனைத்தையும் இறுகப் பற்றிக்கொள்கிறார். கடமையுணர்வுடையவரோ தம்மால் செவ்வனே செய்ய இயலாதவற்றை ஒவ்வொன்றாக விட்டபடி, செய்ய இயன்றதை மட்டும் செய்கிறார். தலைமை நீதிபதிப் பொறுப்பு 1977-இல், நிரந்தர இடம் 1979-இல், பின்னர் நீண்ட விசாரணைகள் என பிரௌனின் வாழ்வு படிப்படியான துறத்தலாகவே அமைந்தது.

இவ்வுரைகல் நீதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. மகனிடம் கடையை ஒப்படைத்த பின்னும் கல்லாப்பெட்டியை விடாத தந்தைக்கும், மருமகள் வந்த பின்னும் சமையலறைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கும் தாய்க்கும், நிறுவனத்தை வளர்த்த நிர்வாகிக்கும் இது பொருந்தும். அவர்கள் உழைப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆசனத்தை அடுத்தவருக்கு அளித்துவிட்டு, அதனருகே நின்று உழைக்கலாம். அவ்வாறு நிற்க மனம் இசைகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இசைந்தால், நம்மை அங்கே நிறுத்தியிருப்பது கடமையே.