முள்ளைப் பார்த்துச் சொல்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் அறைத் திண்ணையில் நடந்த பேச்சாக இதைக் கொள்க. ஐயம் என்னுடையது, நெடுநாள் என்னை விடாதது. கேட்கும் வேலையை மாணவனிடம் கொடுத்திருக்கிறேன்.

மாணவன்: எனக்கு ஏ.டி.எச்.டிங்கிற கவனக் குறைபாடு இருக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்கய்யா. பேரு தெரிஞ்சது ஆறுதல்தான். ஆனா என் சொல்லை நானே நம்பறதில்லீங்க. 'நாளைக்கு முடிச்சர்றேன்'னு சொல்லும்போதே உள்ளுக்குள்ள ஒருத்தன் சிரிக்கறானுங்க.

ஆசிரியர்: அந்தச் சொல்லை எப்பக் குடுத்தே கண்ணு?

மாணவன்: ராத்திரி பதினொரு மணிக்குங்க.

ஆசிரியர்: அப்ப ஒடம்பு எப்படி இருந்துச்சு?

மாணவன்: கவனிக்கலீங்க.

ஆசிரியர்: சரியாப் போச்சு. ஜி.டி. நாயுடு 1937-லயே மோட்டார் செஞ்ச சீமையில பொறந்துட்டு, ஆம்ஸ் மீட்டரைப் பார்க்காம மோட்டார் ஓட்டறே. தண்ணி இல்லைன்னா முள்ளு எறங்கும். சுமை ஏறுனா முள்ளும் ஏறும், அப்படியே விட்டா காயில் கருகும். ஒடம்பும் அப்படித்தான் காட்டுது. தாடை இறுகுது, தோள் காதுகிட்ட ஏறுது, மூச்சு நெஞ்சோட நின்னுக்குது. பார்க்காம வாக்குக் குடுத்துட்டு, அப்புறம் வாக்கு தவறிருச்சுன்னு அழுவறே.

மாணவன்: ஏ.டி.எச்.டின்னு சொல்லிக்கறது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு ஆகாதுங்களா?

ஆசிரியர்: அறிவுல குறையில்லாத பிள்ளைகளும் இப்படி இருக்கும்னு 1902-லயே லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கிற டாக்டர் சொற்பொழிவு பண்ணிட்டார். சாக்குன்னு சொல்றவங்களோட வாதாட எனக்கு நேரமில்லை.

மாணவன்: மாத்திரைங்க?

ஆசிரியர்: டாக்டர் சொன்னபடி சாப்பிடு. அது வேற சோலி.

மாணவன்: ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. முள்ளே பழுதா இருந்தா? சரவணம்பட்டி ஆபீசுல காலைல வேலைல எறங்குனா, சாயங்காலம் நாலு மணிக்குத் தலை சுத்தும்போதுதான் சாப்பிடலைன்னே தெரியுதுங்க. பசி தெரியாத ஒடம்பை நம்பி எப்படிங்க வாக்குக் குடுக்கறது?

ஆசிரியர்: இதுதான் கேள்வி.

(இங்கே ஐயாவின் பேச்சு ஏட்டு நடைக்கு மாறிவிட்டது. உற்சாகம் வந்தால் அவர் அப்படித்தான்.)

பசி, தாகம், நெஞ்சுப் படபடப்பு போல உடலின் உள்ளிருந்து வரும் உணர்வுகளை ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1906-இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மூளையில் இன்சுலா என்னும் மடிப்புக்கு இந்தச் செய்திகளை வாங்குவதில் பெரும் பங்கு உண்டு. உன்னைப் போன்றவர் பிடித்த வேலையில் இறங்கிவிட்டால் முள் அசைந்தாலும் பார்க்க அங்கே ஆள் இருப்பதில்லை. சிலருக்குச் செய்தியே மங்கலாக வரலாம், அதையும் மறுக்கவில்லை. ஆகவே முள்ளை உடனே நம்பு என்று நான் சொல்லவில்லை. புதிதாக மீட்டர் மாட்டியவன் என்ன செய்கிறான்? முள்ளைப் பார்க்கிறான், பிறகு குழாய் வாய்க்கு நடந்துபோய்த் தண்ணீரைப் பார்க்கிறான். இரண்டும் ஒத்துவருகிறதா என்று சரிபார்க்கிறான். சில நாளில் முள்ளை மட்டும் பார்த்தே தண்ணீரைச் சொல்லிவிடுவான். நீயும் அலாரம் வைத்து, அது அடித்ததும் 'பசிக்கிறதா?' என்று ஊகி. பிறகு சாப்பிட்டுப் பார். 'தோள் இறுகியிருக்கிறதா?' என்று ஊகி, பிறகு கையால் தொட்டுப் பார். ஊகம் பலிக்கப் பலிக்க உன்னைப் பற்றி நீ சொல்வது உண்மை என்று உனக்கே தெரியவரும். தன்னம்பிக்கை அந்த இடத்தில் முளைக்கிறது. தனக்குத் தானே கட்டளை போட்டுக் கீழ்ப்படிவதில் முளைப்பதில்லை. முள் இறங்கியிருந்தால் பத்து நிமிட வேலைக்கு மட்டும் வாக்குக் கொடு. 'இப்போது முடியாது' என்பதும் காப்பாற்றக்கூடிய வாக்குதான். ஃபுட்வால்வ் ஒழுகிக் குழாயில் காற்றுப் புகுந்து மோட்டார் வெறுமனே இரைந்தால் எந்த விவசாயியும் மோட்டாரைத் திட்டுவதில்லை. நிறுத்தி, குழாயில் தண்ணீர் ஊற்றி, மறுபடி போடுகிறான்.

(மாணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஐயா விடவில்லை.)

ஆழியாறு தியான மையத்தில் தவத்துக்குப் போய் உட்கார முடியாமல் எழுந்து வந்தேன் என்பாய். ஆனால் அங்கேயே வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சி கைகளை அசைப்பதில் தொடங்குகிறது. கால், மூச்சு, கண் என்று நகர்ந்து, கடைசியில்தான் உடலைத் தளர்த்திக் கிடக்கிறோம். அசைந்தே தீருவேன் என்கிறவனுக்கு அதுவே வாசல். கலிபோர்னியாவில் லிடியா சைலோவ்ஸ்கா குழுவினர் ஏ.டி.எச்.டி உள்ளவர்களுக்கு 8 வாரம் தியானப் பயிற்சி தந்து 2008-இல் எழுதினார்கள். அதிலும் சிறிது நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். சின்ன ஆய்வுதான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனாலும் கவனத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

மாணவன்: புரிஞ்சுதுங்கய்யா! நாளைலிருந்து தினமும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, எல்லாப் பயிற்சியும்...

ஆசிரியர்: நிறுத்து. மணி மூணாச்சு. மத்தியானம் என்ன சாப்பிட்டே?

மாணவன்: ...இன்னும் இல்லீங்க.

ஆசிரியர்: உள்ள போய்ச் சோறுண்டுட்டு வா. நாளைக்கு என்ன முடியும்னு அப்புறம் சொல்லு.