மெல்லிய செவிக்கு வேலை உண்டா?

குண்டசாலைப் பிரதேசத்திலுள்ள பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் நீங்கள் அறிவீர்கள். தொழிற்சாலையொன்றில் உழைக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே இயந்திரம், ஒரே இரைச்சல். இருபது ஆண்டுகள் கழிந்தபின் ஒருவருக்குக் காது நன்றாய்க் கேட்கிறது. மற்றவரோ வீட்டார் கூப்பிடுவது கேளாமல் தடுமாறுகிறார். ஏன் இந்த வேற்றுமை?

நமது உட்காதிலே, நத்தை ஓடு போன்ற சுருளுக்குள், ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு உணர்த்துபவை இவையே. ஓயாத பேரிரைச்சல் இவற்றை அழிக்கிறது. அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் அவை ஒரே வேகத்தில் அழிவதில்லை. சுவீடன், போலந்து, சீனா ஆகிய நாடுகளின் தொழிலாளரிடையே நடந்த ஆராய்ச்சிகள், பெற்றோர் வழி வரும் சில பரம்பரையலகுகளுக்கும் இதில் பங்கிருப்பதாகக் காட்டுகின்றன. ஆயினும், இன்னாருக்குக் காது கெடும் என்று திட்டமாய் முன்னறிவிக்கும் சோதனை இன்னும் இல்லை.

அப்படியொரு சோதனை நாளை வந்துவிட்டால்? மெல்லிய செவியுள்ளவரை வேலைக்கு எடுக்காமல் விடுவதே அவருக்குச் செய்யும் நன்மை என்று சிலர் சொல்லக்கூடும். இலேசாகத் தள்ளிவிடத்தக்க வாதமன்று இது. ஒருவருடைய செவியைக் காப்பது நல்லதே. ஆனால் செவியைக் காத்து, அவர் வீட்டு அடுப்பை அணைப்பது நன்மையாகுமா? உள்ளே எடுக்கப்பட்டவர்களின் நிலைதான் என்ன? வலிய செவிகளைத் தெரிந்தெடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தில் இரைச்சலைக் குறைக்கும் கவலை போய்விடும். அவர்களும் பாதிக்கப்படுவர், சற்றுப் பிந்தி.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம் 1998இல் நாளொன்றுக்கு 8 மணிநேரம் 85 தெசிபெல் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. அந்த எல்லையிலேயே 40 ஆண்டுகள் உழைத்தாலும், 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இரைச்சலால் செவிக்குறை வரலாம் என்றும் அது கணக்கிட்டது. அந்த எட்டுப் பேர் யார் என்று தெரியாததால் நாம் நிம்மதியாயிருக்கிறோம். அவர்களின் பெயர் தெரியவந்தால் நமது கடமை கூடுமேயன்றி அவர்களின் உரிமை குறையாது.

இது வெறுங் கற்பனைப் பயமன்று. அமெரிக்காவில் பேர்லிங்டன் நோர்தேர்ன் சாந்தா ஃபே புகையிரதக் கம்பனி, கைநரம்பு நோவென்று முறையிட்ட தொழிலாளரின் இரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே பரம்பரைச் சோதனைக்கு அனுப்பியது. 2001இல் வழக்கு எழுந்தது. 2002இல் 22 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. நோவின் காரணத்தை வேலையில் தேடாமல் தொழிலாளியின் பிறப்பில் தேடும் மனப்போக்கு எங்கும் தலைதூக்கக்கூடியதே.

நமது நாட்டின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அபாயமான இயந்திரத்துக்கு வேலியடைக்கச் சொல்கிறது. விரைவாய்க் கையை இழுத்துக்கொள்ளக் கூடியவரை மட்டும் சேர்த்துக்கொள் என்று அது சொல்லவில்லை. சுழலும் சக்கரத்துக்கு உள்ள நியாயம் இரைச்சலுக்கும் பொருந்தும். முதலில் இயந்திரத்தின் ஓசையைக் குறைக்க வேண்டும். அதன்பின் எல்லாருக்கும் காதடைப்பானும் ஆண்டுதோறும் செவிச் சோதனையும் வேண்டும். பரம்பரைச் சோதனையை ஒருவர் விரும்பிச் செய்துகொண்டால், அதன் முடிவு அவருடைய உடைமை. அதைக் கண்டு அவர் அமைதியான பகுதிக்கு மாற விரும்பினால், சம்பளம் குறையாமல் இடமளிப்பதே நீதி.

தொழிற்சாலை நடத்துவோரும் மேற்பார்வையாளரும் நம் வாசகர்களிடையே உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் 85 தெசிபெலைத் தாண்டியிருக்கக்கூடும். இதை அறிய எவருடைய இரத்தமும் தேவையில்லை. நாளைக் காலையே சோதித்துப் பாருங்கள்.