நல்லா வேணும்

"அவனுக்கு நல்லா வேணும்" என்று சொல்லும்போது நாக்கில் ஊறும் இனிப்பு பொய்யல்ல. 2004-இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். பண விளையாட்டில் துரோகம் செய்தவரைத் தண்டிக்க ஒருவர் முடிவெடுக்கும்போது, பரிசை எதிர்பார்க்கையில் விழித்துக்கொள்ளும் பகுதியே விழித்தது. தண்டிப்பதற்காகத் தன் காசை இழக்கவும் பலர் தயங்கவில்லை.

அடித்து முடித்த பிறகு என்ன ஆகிறது? கெவின் கார்ல்ஸ்மித், டிமத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏமாற்றியவரைத் தண்டித்தவர்கள்தான் அதிகம் கசந்துபோயிருந்தார்கள். அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டிக்க வழியில்லாதவர்களோ விஷயத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

என் பெரியம்மாவின் கொழுந்தனார், பெரியப்பா கண்மூடிய கையோடு வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர். பக்கவாதத்தில் அவர் படுத்தபோது பெரியம்மா "வேணும், நல்லா வேணும்" என்றாள். அவர் செத்தும் அவள் ஆறவில்லை. "செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாமலே போயிட்டானே" என்று கடைசிவரை அரற்றினாள். ஜெர்மானிய உளவியலாளர் மாரியோ கோல்விட்சரின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: தண்டனை எதற்கென்று தவறு செய்தவர் உணர்ந்தால்தான் பாதிக்கப்பட்டவருக்கு நிறைவு. பெரியம்மாவிடம் மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. சொல்லியிருந்தால் அது இன்னொரு அநியாயம்.

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான். வீமன் தொடையைப் பிளப்பான். அந்தச் சிவப்பைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிவாள். கூட்டத்துக்கு மெய்சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை நான் பழிக்க மாட்டேன். சபையே வாய்மூடிப் பார்த்த கொடுமைக்கு அது பதில்.

ஆனால் துரியோதனன் விழுந்த அன்றிரவே, தந்தையின் சாவுக்குப் பழிதீர்க்க வந்த அசுவத்தாமன் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகள் ஐவரையும் கொன்றுவிடுகிறான். பாகவதத்தில், கட்டி இழுத்துவரப்பட்ட அவனை அவிழ்த்துவிடச் சொல்கிறாள் திரௌபதி. தன்னைப்போல அவன் தாய் கிருபியும் அழக்கூடாதாம். அவன் தலைமணியைப் பறித்துத் துரத்துகிறார்கள். செய்தது தப்பு என்பது ஊரறிய நிலைநாட்டப்படுகிறது. இன்னொரு பிணம் விழவில்லை. பெற்ற வயிறு எரியும்போதே இன்னொருத்தியின் வயிற்றை அவளால் எப்படி நினைக்க முடிந்தது? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கூந்தல் முடிந்தவளைவிட இவளையே நான் அதிகம் கும்பிடுகிறேன்.