அச்சமும் தெரிவும்

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அண்மையில் எழுந்த விவாதமொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. உயர்தர வகுப்பு மாணவனொருவன் பாடவேளையில் கைத்தொலைபேசியில் விளையாடிப் பிடிபட்டான். அவன் ஆடியது இருளும் பேயும் மலிந்த ஒரு திகில் விளையாட்டு. “இந்த மண்ணிற் பிறந்த பிள்ளைக்குப் பயம் போதாதென்றா இதையும் தேடி எடுக்கிறான்?” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சினந்தார். சினத்திற் பிறந்ததாயினும் அக்கேள்வி மெய்யியற் கேள்வியே. அச்சத்தை அனுபவித்த மக்களிடையே அச்சத்தைப் பொழுதுபோக்காகக் கொள்ளுதல் அறமாகுமா? நானும் இவ்விளையாட்டுகளை ஆடுபவன் என்பதை அவ்விடத்திற் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஈண்டுச் சொல்லிவிடுகிறேன்.

முற்போக்காளராகிய நம்மிடையே இவற்றைப் பற்றி ஆயத்தமான ஒரு விடை உண்டு. மக்களை மயக்கும் நசிவுச் சரக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோம். ஒருகாலத்தில் சினிமாவையும் மர்ம நாவலையும் அவ்வாறே ஒதுக்கினோம். மக்கள் நம்மைக் கேட்டுவிட்டா படம் பார்த்தார்கள்? ஒரு கலைவடிவம் கோடிக்கணக்கான இளைஞரின் இரவுகளைப் பற்றிக்கொண்டிருக்கையில், அதனைப் பாராமலே தீர்ப்பளித்தல் விமர்சனமாகாது.

அச்சத்தைச் சுவையாகக் கருதுதல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். இந்நான்காவதை வகுப்பிற் படிப்பிக்குந்தோறும் நான் சற்று நிற்பதுண்டு. தெய்வமும் பேயும் அச்சந் தருவன. கொடுவிலங்கும் கள்வரும் அவ்வாறே. ஆனால், தம்மை ஆளுந் தலைவனும் அச்சத்தின் பிறப்பிடம் என்று ஓர் இலக்கணநூல், எவ்வித ஆரவாரமுமின்றி, பேயோடும் புலியோடும் சேர்த்து எண்ணி வைத்திருக்கிறது! வன்னியில் வளர்ந்த மாணவருக்கு இதற்கு உரை தேவைப்படுவதில்லை.

இந்த நான்கினையும் அளவுகோலாகக் கொண்டு திகில் விளையாட்டுகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1992 இல் வெளிவந்த ‘அலோன் இன் த டார்க்’ முதலாக, 1999 இன் ‘சைலன்ற் ஹில்’, 2010 இன் ‘அம்னீசியா’ என்று வளர்ந்த மரபு பெரும்பாலும் அணங்கிலும் விலங்கிலும் நின்றுவிடுகிறது. அம்னீசியாவில் ஆடுபவனின் கையில் ஆயுதமில்லை. இருளில் நின்றால் புத்தி தடுமாறும். ஒளிந்துகொள்வதன்றி வேறு வழியில்லை. கலைத்திறன் மிக்க ஆக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. முதன்முதல் அதை ஆடிய இரவில் விளக்கை அணைக்காமலே உறங்கினேன். 1996 இல் யப்பானியர் தந்த ‘ரெசிடென்ற் ஈவில்’ ஒருபடி மேலே செல்கிறது. அங்கே நடைப்பிணங்களைப் படைத்தது சாபமன்று. இலாபவேட்கை கொண்ட ஒரு பெருநிறுவனம். கள்வரை அது சரியாகவே இனங்கண்டது. ஆயின் தீர்வென்ன? ஒரு வீரன், ஒரு துப்பாக்கி. நிறுவனத்திற் கூலிக்கு உழைத்தவர் யார், அந்நகரத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்பனவெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை.

இறை என்னும் நான்காவது அச்சத்தைத் துணிந்து தொட்ட ஆக்கமாக நான் கண்டது, லூக்காஸ் போப் என்பவர் 2013 இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’. 2022 இல் அது கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. பேயில்லை, இரத்தப் பெருக்கில்லை. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் அமர்ந்து கடவுச்சீட்டுகளைப் பரிசோதிக்கும் சிற்றதிகாரி நீங்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்களோ அதற்கேற்பவே கூலி. பிழைவிட்டால் முதலில் எச்சரிக்கை. பிழை பெருகினால் கூலியில் வெட்டு. மாலையில் வீட்டுக் கணக்கு: வாடகை, உணவு, குளிருக்கு வெப்பம், நோயுற்ற பிள்ளைக்கு மருந்து. ஒருநாள் கணவனின் தாள்கள் சரியாயிருக்கின்றன. பின்னே நிற்கும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. இன்னொருநாள் காவலன் ஒருவன் வந்து, நீ கைதுசெய்விப்போரின் எண்ணிக்கைக்கேற்ப எனக்கு மேலதிகப் பணம் உண்டு, உனக்கும் பங்கு தருகிறேன் என்கிறான்.

ஓமந்தையில் வரிசையில் நின்ற எவரும் இதை விளையாட்டென்று மட்டும் எண்ண முடியாது. நாம் கண்ணாடிக்கு இப்பக்கம் நின்றவர்கள். இவ்விளையாட்டு நம்மை அப்பக்கம் உட்காரவைக்கிறது. என் மாணவனொருவன் தொடக்கத்தில் எல்லோரையும் உள்ளே விட்டானாம். நான்காம் நாளே அவன் குடும்பம் பட்டினி. அதன்பின் சட்டப்படி நடந்தான். அதற்கும் பின், காவலனின் பணத்துக்காக ஆட்களைப் பிடித்துக் கொடுத்தான். “சேர், அப்ப எங்களைச் செக் பண்ணினவங்களுக்கும் வீட்டில பிள்ளைகள் இருந்திருக்கும், என்ன?” என்று கேட்டான்.

அக்கேள்வி எனக்கு முதலில் உவப்பாயிருக்கவில்லை. அதிகாரியின் துயரை எண்ணி அதிகாரத்தை மன்னிக்கும் மென்மைக்கு இது வழிகோலுமோ என்று அஞ்சினேன். பின்னர் சிந்தித்தபோது அவன் மன்னிக்கவில்லை என்பது தெளிந்தது. கொடுமை செய்வதற்குக் கொடியவன் தேவையில்லை, சிறுகூலியும் தண்டப்பணமும் வீட்டில் ஒரு நோயாளியும் போதும் என்பதை அவன் தன் விரலாலேயே அறிந்திருந்தான். சமூக அமைப்பு மனச்சான்றை எவ்வாறு விலைபேசுகிறது என்று நான் ஒரு தவணை முழுவதும் விரித்துரைத்தாலும் இத்துணைத் தெளிவு வந்திராது. விளக்குதல் வேறு, பொறுத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மாணவன் உணர்ந்திருக்க ஆசிரியன் நான் தடுமாறியதுதான் வேடிக்கை.

குறையும் உண்டு. அந்நாட்டில் அரசைக் கவிழ்க்க முயலும் இரகசிய இயக்கமொன்று இருக்கிறது. அதுவும் மேலிருந்து கட்டளைதான் அனுப்புகிறது. இருபது முடிவுகளைக் கொண்ட அக்கதையில், வரிசையில் நிற்கும் மக்கள் ஒருவரோடொருவர் பேசிக் கூடித் தீர்மானிக்கும் முடிவு ஒன்றையேனும் நான் காணவில்லை.

இனி, இவ்விளையாட்டுகளின் நடுநாடியாகிய தெரிவு பற்றிய வினாவுக்கு வருவோம். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து ஆடப்படுவதை அறிவோம். வற்றாப்பளைக் கண்ணகியின் நிழலில் வாழும் மக்களுக்கு அக்கதையில் தெரியாத பகுதி எதுவுமில்லை. சிலம்பைக் கையிலெடுத்துக் கோவலன் புறப்படும்போது, வேண்டாமென்று சொல்ல நெஞ்சு துடிக்கும், சொல்லிப் பயனில்லை. பார்ப்பவர் கையில் எதுவுமில்லாதபடியால் அவர்தம் அழுகை மாசற்ற அழுகை. கதைசார் விளையாட்டில் அவ்வாறன்று. போகச் சொன்னவரும் நீங்களே, சிலம்பை விற்கக் கொடுத்தவரும் நீங்களே. ஆகவே இங்கே பிறப்பது அழுகையுமன்று, அச்சமுமன்று. எட்டனுள் அடங்காது, தொல்காப்பியர் அடுத்துக் கூறும் முப்பத்திரண்டனுள் ஒன்றாய் நிற்கும் நாணல்.

போலந்தில் 2014 இல் உருவான ‘திஸ் வார் ஒஃப் மைன்’ இதற்குத் தக்க சான்று. 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்ட சராஜீவோ நகர மக்களின் வாழ்வு அதற்கு உந்துதல். போராளியாகவன்றி, இடிந்த வீட்டில் ஒதுங்கிய பொதுமக்களாக நாம் ஆடுகிறோம். பகலில் வெளியே சென்றால் குறிசுடுநர். இரவில் உணவும் மருந்தும் தேடிச் செல்ல வேண்டும். ஒரு வீட்டில் முதிய தம்பதியர். அவர்களிடமிருந்து எடுக்கலாம், தடுக்க அவர்களால் இயலாது. எடுத்தால் நம்மவர் பசி தீரும். ஆனால் மறுநாள் எடுத்தவர் சோர்ந்து பேச்சற்றுக் கிடப்பார். பாடசாலை மாணவர் வாசிக்கத்தக்கவற்றின் பட்டியலில் இதனைச் சேர்க்கப்போவதாகப் போலந்து அரசு 2020 இல் அறிவித்தது.

இவ்விளையாட்டில் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. அயலார் உதவி கேட்டு வந்திருந்தார்கள். உடனே உதவச் சென்றேன். மனம் இலேசாயிற்று. அந்த இலேசு சில நொடிகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

2009 ஏப்பிரலில், மாத்தளனுக்கும் பொக்கணைக்கும் இடையில், ஐந்து பேருக்கு வெட்டிய பதுங்குகுழியில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். அம்மாவின் கூறைச்சேலையைத் தைத்து மண் நிரப்பி மேலே அடுக்கியிருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. ஷெல் விழத் தொடங்கியபோது வெளியே ஒரு பெண்குரல், பிள்ளையோடு நிற்கிறேன், கொஞ்சம் இடந்தாருங்கள் என்றது. உள்ளிருந்து யாரோ “இடமில்லை” என்றார்கள். மறுத்து எவரும் பேசவில்லை. காலடிகள் விலகின. அவ்வார்த்தையைச் சொன்னவர் யாரென்று இன்றுவரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

விளையாட்டில் நான் செய்த உதவி இதற்கு ஈடாகுமா? ஆகாது. நற்செயல்களைச் செய்து பழகியே மனிதன் நல்லவனாகிறான் என்றார் அரிஸ்ரோட்டில். விளையாட்டிற் செய்வது செயலன்று. வேண்டாத முடிவு வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். திருப்பிச் செய்யக்கூடியதற்கு அறத்தின் எடை இல்லை. இதைச் சொல்லி விளையாட்டைப் புறந்தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை. ஏனெனில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் நினைக்க மறுத்த ஒன்றை, மன்றத்துச் சொற்பொழிவோ நினைவேந்தற் கூட்டமோ செய்யாத வகையில், அத்தட்டற் சத்தம் என் முன் வைத்தது. நினைவேந்தல்களில் நாம் எப்போதும் இழந்தவர்களாகவே நிற்கிறோம். அது உண்மை; முழு உண்மையன்று. இறையின் ஷெல்லைப் பேசுவதற்கு நமக்கு மொழி உண்டு. ஷெல்லுக்குக் கீழே நாம் ஒருவருக்கொருவர் செய்ததைப் பேச மொழி இல்லை. குற்றம் ஷெல் ஏவியவரதே என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் சொல்லிக்கொண்டே மற்றதையும் சொல்லுதல் கூடும் என்பதே என் துணிபு.

இத்தகைய ஆக்கம் தமிழிலிருந்து எழுமா? 2023 இல் ரொறன்ரோவில் உருவான ‘வெண்பா’, 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே சொன்னது; மறு ஆண்டு பிரித்தானியாவின் பஃப்ரா விருதும் பெற்றது. யாப்பின் பெயரைத் தாங்கியதாற் தமிழாசிரியன் சற்றுக் கூடுதலாகவே மகிழ்ந்தேன். சிதைந்த சமையற் குறிப்பேட்டைப் பொருத்திப் பார்க்கும் அந்த ஆட்டம் நம் வாழ்வும் இவ்வடிவத்துக்குள் அடங்கும் என்பதைக் காட்டியது. வன்னியின் கதையை வெளியார் எவரேனும் செய்து விற்பதற்கு முன் நம் பிள்ளைகள் செய்ய வேண்டும். அதற்குக் கணினியும் மின்சாரமும் ஓய்வும் வேண்டும். எங்கள் பாடசாலையின் கணினி அறையைப் பற்றி ஈண்டு எழுதாது விடுகிறேன்.

பிடிபட்ட மாணவனிடம் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, பேய்களை விட்டு அப்போர்க்கதையை ஆடிப்பார் என்று சொன்னேன். அவன் பத்தொன்பது வயதினன். அவன் அண்ணனை அந்தக் கடற்கரையில் இழந்த வீடு. ஒரு வாரம் கழித்து வந்தான்.

“நல்லாயிருக்கு, சேர். ஆனா எங்கட வீட்டில சத்தம் வைச்சு விளையாடேலாது. அம்மா எழும்பிடுவா. நான் சத்தமில்லாமத்தான் விளையாடுறன்.”

கதவு தட்டப்படுவது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். திரையில் எழுத்து வரும் என்றான்.